வெண்டலின் முப்பதடி

வெண்டல் மான் வேட்டைக்காக நாற்பது வருஷம் மரத்தில் தொங்கியவன். செத்தது சோபாவில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூட்ஸைக் கழற்றிவிட்டு, டிவியில் கால்பந்து ஓட, மடியில் சீஸ் தட்டோடு. மாரடைப்பு என்றார்கள். ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. மரத்திலிருந்து விழுந்தான் என்று சொல்லியிருந்தால் கேள்வி கேட்காமல் நம்பியிருப்பார்கள்.

அண்ணன் ஹார்லன் நம்பினான். நம்பியதோடு சரி, அதற்கு மேல் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அடக்கப் பிரார்த்தனை முடிந்து சர்ச்சின் நிலவறையில் பன்றிக்கறி சாண்ட்விச் கொடுத்தார்கள், தின்றான். இன்னொன்று கொடுத்தார்கள், அதையும் தின்றான். யார் யாரோ வந்து தோளைப் பிடித்து அழுத்தினார்கள். தோள் என்று ஒன்று இருப்பது மட்டும் தெரிந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு விரலால் கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி அவ்வப்போது தன்னைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். பதில் இல்லை.

அழுகை வராதது ஒரு பக்கம் கிடக்கட்டும். வாக்கு ஒன்று கொடுத்திருந்தான், அதுதான் தொந்தரவு.

ஒரு மழை நாளில், லைலின் வேட்டை வில் கடையில், அடுப்பைச் சுற்றி எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வெண்டல் அறிவித்தான். "நான் செத்தா எரிச்சுடுங்க. சாம்பலை என் மரத்துலேருந்து, முப்பதடி உயரத்துலேருந்து, நான் உக்காருற அதே இடத்துலேருந்து ஹார்லன் கொட்டணும். பத்தடியில நின்னு கொட்டினா செல்லாது. ஹெலிகாப்டர்ல வந்தாலும் செல்லாது." ஹார்லன் "சரி" என்றான். அந்தக் கடையில் ஒருவன் சரி என்று சொல்லிவிட்டால், வக்கீல் வைத்து எழுதினாலும் அவ்வளவு உறுதி வராது.

முப்பதடி என்பது வெண்டலின் இன்னொரு பெயர் மாதிரி. மற்றவர்கள் பன்னிரண்டு பதினைந்து அடியில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பார்கள். வெண்டல் முப்பது. அங்கே காற்று வேறே என்பான். கீழே போகிற மான் எலி மாதிரித் தெரியும் என்பான். ஒரு தடவை பருந்து ஒன்று பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து, இவனைப் பார்த்து, உயரம் தாங்காமல் கீழ்க் கிளைக்கு இறங்கிவிட்டது என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஹார்லன் வாழ்நாள் முழுக்க பதினாலடிக்காரன். தம்பி முப்பதில் இருக்கும்போது நாம் இருபதுக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்று அதற்கு மேல் ஏறியதே இல்லை.

மரம் இருப்பது அரசாங்கக் காட்டில், செத்த குதிரைச் சதுப்புக்கு நடுவே ஒரு ஓக் திட்டில். அரசாங்கக் காட்டில் ஆணி அடிக்கக்கூடாது, திருகுப் படி ஏற்றக்கூடாது, மரத்துக்குக் காயம் படக்கூடாது. மரம் ஏறுகிற சாமானை ராத்திரி விட்டுவிட்டு வரவும் கூடாது. காலையில் முதுகில் கொண்டுபோய், சாயங்காலம் முதுகில் கொண்டுவர வேண்டும். வழியில் நாணலும் சேறும். அந்தச் சேறு ஆளை எடை போட்டுத்தான் விடும். கனமாக வந்தவனை முழங்கால் வரை பிடித்துக்கொண்டு, பூட்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கும். சதுப்புக்குள் எத்தனை பூட்ஸ் இருக்கிறது என்பதை வைத்து ஊரில் ஒரு கடையே போடலாம்.

அதனால்தான் வெண்டல் எடைக்காரன் ஆனான். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினான். அது பலரும் செய்வது. இவன் அடுத்து கரண்டியில் ஓட்டை போட்டான், கத்திப் பிடியில் போட்டான், பெல்ட் பக்கிளில் போட்டான். டார்ச் லைட்டிலும் போட்டான். வெளிச்சம் பக்கவாட்டில் ஒழுகியது. சட்டைக்குள்ளிருக்கிற துணி லேபிள்களை எல்லாம் பிய்த்தான். தராசில் நிற்கும் முன் மூச்சை வெளியே விட்டுவிடுவான். அவன் மீசையை எடுத்தது மனைவி மார்விஸ் சொல்லி என்று ஊர் நினைத்தது. இல்லை, பனி பிடித்தால் அது கால் அவுன்ஸ் கூடும் என்பதற்காக.

அக்டோபர் கடைசியில் ஹார்லன் லைலின் கடைக்குப் போனான். தன்னுடைய ஏறுநாற்காலியை வண்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தான். இரண்டு துண்டாக இருக்கும். ஒன்றில் உட்கார்ந்து மற்றதைக் காலால் இழுத்து, மரத்தைக் கட்டிப்பிடித்துக் கம்பளிப்பூச்சி மாதிரி ஏற வேண்டும். இருபத்தைந்து வருஷ இரும்பு.

லைல் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தான். "டேய் ஹார்லன், அந்தக் கட்டிலைத் தூக்கிட்டா சதுப்புக்குள்ள போகப்போற? போ, போ. உன்னையும் சேர்த்து ரெண்டு பொட்டலமா நான் கொட்டிட்டு வரேன்."

"வேற என்ன இருக்கு?"

"அறுபத்தேழு வயசுல வந்து கேக்கறான் பாரு." லைல் சுவரிலிருந்து குட்டைக் குட்டையான அலுமினிய ஏணித்துண்டுகள் நாலை எடுத்து மேஜையில் போட்டான். "ஒண்ணு மேல ஒண்ணா மரத்துல வார் போட்டுக் கட்டிக்கிட்டே போகணும். நல்ல சாமான். ஆனா நாலும் முதுகுல ஒண்ணோட ஒண்ணு இடிச்சு மணி அடிக்கும். நீ வர்றது பக்கத்து மாவட்டத்து மானுக்கெல்லாம் தெரிஞ்சுடும்."

"மானைப் பத்தி எனக்கென்ன? மான் அடிக்கவா போறேன்?"

லைல் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். "சரி. கயிறு மட்டும் வச்சு ஏறலாம். ரெண்டு சுருக்கு. கால்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. மடிச்சு மடிச்சு எழும்பணும். முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"அப்படின்னா இல்ல. மின்கம்பத்துக்காரன் மாதிரி கால்ல முள்ளு கட்டி ஏறலாம். மரத்துல ஓட்டை விழும், காட்டதிகாரி உனக்கும் ஒரு ஓட்டை போடுவார்." லைல் மூன்று துண்டுகளைத் திரும்பச் சுவரில் மாட்டினான். மேஜையில் ஒன்றுதான் மிஞ்சியது. "இதான். ஒத்தைத் துண்டு. இதைக் கட்டு, ஏறு, இடுப்புத் தொட்டில்ல உக்காரு, துண்டை அவுத்து மேல கட்டு, மறுபடி ஏறு. உச்சி வந்ததும் கயித்தைக் கட்டிச் சறுக்கிட்டு வந்துடு. ஏறுறப்ப நத்தை, இறங்குறப்ப சிலந்தி. இதைவிட லேசா ஏறணும்னா நீ அணிலாப் பொறந்திருக்கணும்."

"வெண்டல் இதுல தானே ஏறினான்?"

"வேற எதுல? மார்விஸ்கிட்ட மொத்தமும் இருக்கும், போய்க் கேளு. எங்கிட்ட வாங்காத. நான் வியாபாரி, இருந்தும் சொல்றேன்."

ஹார்லன் எழுந்தான். லைல் வாசல் வரை வந்து, என்னவோ சொல்லப்போகிறவன் மாதிரி நின்று, கடைசியில் "பூட்ஸ் கயித்தை இறுக்கிக் கட்டிக்கோ" என்று மட்டும் சொன்னான்.

மார்விஸிடம் போனான். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அதனால் யாரிடம் பேசினாலும் பின்சீட்டுக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசுவாள். கராஜில் வெண்டலின் பை கொக்கியில் அப்படியே தொங்கியது. பக்கத்தில், உத்தரத்தில், மீன் எடை போடுகிற கொக்கித் தராசு.

பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். இடுப்பில் கட்டி உட்காருகிற தொட்டில், பட்டையெல்லாம் ஓரம் கத்தரித்து. ஒரே ஒரு ஏணித்துண்டு, தேன்கூடு மாதிரி ஓட்டைகள். மரத்தைச் சுற்றிப் போடுகிற மரக்கயிறு. இறங்குகிற கயிறு, சுண்டுவிரல் தடிமனில், அழகாகச் சுருட்டி, நுனியைத் தீயில் உருக்கி, அதற்கு மேலே ஒரு முடிச்சு. ஹார்லன் அதைத் தராசில் மாட்டினான். முள் நகர்ந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி மாட்டினான்.

"என்ன?" என்றாள் மார்விஸ்.

"இவ்வளவு லேசா ஒரு இறங்குகயிறை நான் பார்த்ததே இல்ல."

"அவன்கிட்ட சொல்லியிருந்தா குதிச்சிருப்பான்."

அடுத்தது வெண்டல். சவ அடக்கக்காரர்கள் கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பெட்டியைத் தராசில் மாட்டியதும் முள் சடாரென்று இறங்கியது. இருவரும் கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க அவுன்ஸ் அவுன்ஸாகச் செதுக்கியவன், பையில் இருந்த சாமான்களிலேயே கனமான சாமானாக வந்து சேர்ந்திருந்தான்.

"பெட்டியே கனம்," என்றாள் மார்விஸ். "அவனா இருந்தா முதல்ல பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பான்."

உள்ளே போய் ஒரு ஃப்ரீசர் பையோடு வந்தாள். அந்த ஊர்ப் பெண்கள் ஃப்ரீசர் பையைத் தூக்கி எறிவதில்லை. கழுவி, பாத்திரத் தட்டில் கவிழ்த்துக் காயவைத்து, கிழிகிற வரை உபயோகிப்பார்கள். இந்தப் பையில் வெண்டலின் கையெழுத்து அழியாமல் இருந்தது: 'முதுகுக் கறி. நல்லது.' அதற்குள் வெண்டலைக் கொட்டி, காற்றை வெளியேற்றி மூடினாள். காற்றை எடுக்காவிட்டால் உறைபனி பிடிக்கும் என்ற பழக்கம்.

எல்லாவற்றையும் பையில் போட்டுத் தராசில் மாட்டினார்கள். இன்னும் கூடுதல். தெர்மாஸை எடுத்தான். இன்னும் கூடுதல். கடைசியில் ஹார்லன் தன் வில்லைப் பார்த்தான்.

"வில்லு, இல்லன்னா வெண்டல்," என்றாள் மார்விஸ்.

வில்லைச் சுவரில் சாய்த்து வைத்தான். பத்து வயதிலிருந்து நவம்பரில் வில்லில்லாமல் காட்டுக்குள் போனதில்லை. வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். ஒன்றும் வரவில்லை.

அதன்பின் ஒரு வாரம் மார்விஸ் வீட்டு முற்றத்து மேப்பிள் மரத்தில் பழகினான். அவள் மடக்கு நாற்காலி போட்டு, போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். துண்டைக் கட்டுவான், ஏறுவான், தொட்டிலில் உட்காருவான், பாதத்தில் கட்டிய நூலால் துண்டை மேலே இழுப்பான். முதல் நாள் முழுக்க ஏறியதில் பூட்ஸ் தரையிலிருந்து ஒரு முழம் கூட எழும்பவில்லை.

"நத்தைன்னு லைல் சொன்னான்," என்றாள் மார்விஸ். "நத்தை கேட்டா வழக்குப் போடும்."

"நீ ஏறிப் பாரு."

"நான் பஸ் ஓட்டுறவ. எனக்கு நாலு சக்கரம் தரையில இருக்கணும்."

வாரக் கடைசியில் சமையலறை ஜன்னலின் மேல் விளிம்பு வரை ஏறி, இறங்குகயிற்றைக் கட்டி, சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு வந்து நின்றான். கயிறு தரையில் ஒரு சுருள் மிச்சம் கிடந்தது. "இது போதும்," என்றான். கயிற்றின் எடை அவனுக்கு மனப்பாடம். நீளத்தைக் கேட்டிருந்தால் தெரியாது. எடை பார்க்கிற கூட்டத்தில் நீளத்தை யார் பார்க்கிறார்கள்?

நவம்பர் முதல் சனிக்கிழமை போனார்கள். மார்விஸும் வந்தாள். வரவேண்டாம் என்று சொன்னதற்கு, "என் புருஷனை ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போற, நான் வீட்ல இருக்கணுமா?" என்றாள். வெண்டலின் ஆரஞ்சுத் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, கையில் பனிச்சறுக்குத் தடியோடு முன்னால் நடந்தாள். சதுப்பில் மெல்லிசாகப் பனிக்கட்டி படர்ந்திருந்தது. அன்றைய குளிர் எப்படி என்றால், வண்டியிலிருந்து இறங்கும்போது ஹார்லன் போட்ட தும்மல் மத்தியானம் திரும்பி வரும்போதும் அங்கேயே இருந்தது. சேறு அவர்களை எடை போட்டுப் பார்த்து, கணுக்கால் வரை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. கணக்கு சரியாகப் போட்டிருக்கிறோம் என்று ஹார்லன் நினைத்தான். கால் விரல்கள் மரத்துப் போயிருந்தன. உள்ளே மரத்துக் கிடப்பதோடு அவையும் வந்து சேர்ந்துவிட்டன என்று பட்டது.

வெண்டலின் மரம் திட்டின் ஓரத்தில் நின்றது. நேரான ஓக், கிளையே இல்லாமல் போய், மேலே கவட்டையாகப் பிரிந்தது. 'கவட்டைக்கு ஒரு முழம் கீழே, முப்பதடி, அங்கேருந்து ஊர்த் தண்ணித்தொட்டியில எழுதியிருக்கிற பேரைப் படிக்கலாம்' என்பான் வெண்டல்.

ஹார்லன் தொட்டிலைக் கட்டினான், தரையிலேயே மரக்கயிற்றை மாட்டினான், துண்டை வைத்தான். ஏறினான், உட்கார்ந்தான், இழுத்தான், கட்டினான். நடுமரத்தில் ஒரு இடத்தில் பட்டை வழவழவென்று தேய்ந்து, மரத்தைச் சுற்றி ஒரு வளையமாக இருந்தது. கயிறு வருஷக்கணக்கில் உரசிய மாதிரி. யாரோ இங்கே உட்கார்ந்திருக்கிறான், சோம்பேறி, என்று நினைத்துக்கொண்டு அதைத் தாண்டி ஏறினான்.

கவட்டை வந்ததும் தொட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கினான். அப்புறம் கிழக்கே பார்த்தான். மேற்கேயும் பார்த்தான். தண்ணித்தொட்டி எந்தப் பக்கத்திலும் இல்லை. நாணல், நாணல், பீவர் எலி கட்டிய ஒரு குச்சி மேடு. தூரத்தில் ஒரு மலை இருந்தது. ஊர் அதற்குப் பின்னால் இருப்பது நாற்பது வருஷமாக அவனுக்கே தெரிந்த விஷயம்தான்.

"ஊர் தெரியுதா?" என்று கத்தினாள் மார்விஸ். பருந்து இருந்திருந்தால் பறந்திருக்கும்.

"இல்ல."

பையைத் திறப்பதற்கு முன் இறங்குகயிற்றைக் கட்டி வைத்துவிடலாம் என்று நினைத்தான். வெண்டல் அப்படித்தான் சொல்லுவான், இறங்குற வழியை முதல்ல கட்டு என்று. கட்டினான். சுருளைக் கீழே போட்டான். கயிறு விரிந்து ஆடி நின்றது.

கீழே சத்தமில்லை. மார்விஸ் பேசாமல் இருப்பது அபூர்வம்.

"தரைக்கு வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல."

"எவ்வளவு பாக்கி?"

"பாக்கியா? பாதி மரத்துல நிக்குது ஹார்லன். நுனியில முடிச்சு தெரியுது. அந்தச் சோம்பேறி வளையம் பக்கத்துல."

அவன் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லையே என்று யோசித்தான். ஏறும்போது சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தான். சுண்டுவிரல் தடிமன் கயிறு, உருக்கிய நுனி, ஒழுங்கான முடிச்சு. மிச்சத்தை வெட்டி எறிந்திருக்கிறான். வேண்டாத எடை. வெண்டல் தேவைக்கு மேல் ஒரு அங்குலம் கூட வைத்துக்கொள்ள மாட்டான். அப்படியென்றால் அவனுக்குத் தேவை இவ்வளவுதான்.

மரத்தோடு நெற்றியை வைத்துக்கொண்டு அதை ஒரு தடவை முழுசாக நினைத்துப் பார்த்தான். இந்தக் கயிற்றில் முப்பதடியிலிருந்து எவனும் இறங்கியதில்லை.

"மார்விஸ்."

"என்ன?"

"அவன் இங்க ஏறினதே இல்ல."

பதில் பின்சீட்டுக்குக் கேட்காத குரலில் வந்தது. ஹார்லன் காதைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. "எங்க வீட்ல பல்பு மாத்துறது யாருன்னு நினைக்கிற? கூரையில இலை அள்ளுறது யாரு? ஏணியில ரெண்டாவது படிக்கு மேல போனா அவனுக்கு உள்ளங்கை வேர்த்துடும். பதினஞ்சடி ஏறுறதுக்கே ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர்லேருந்து தூக்கம் வராது."

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆன வாரத்துலேருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. முப்பதடி முப்பதடின்னு நீதான் அவனைவிட அதிகமாச் சொல்லிட்டுத் திரிஞ்ச. உனக்கு அதுல என்ன பெருமைடாப்பான்னு நானே பார்ப்பேன்."

ஹார்லன் கோபத்தைத் தேடினான். சட்டைப் பையில் சாவி தேடுகிற மாதிரி, ஒவ்வொரு இடமாக. இல்லை. தங்கள் குடும்பத்தில் முப்பதடி ஏறிய முதல் ஆள் தான்தான் என்பது மட்டும் ஒரு தகவலாக வந்து நின்றது. இடுப்புத் தொட்டில் தொடையை அழுத்தி, இப்போது இரண்டு காலும் முட்டிக்குக் கீழே இல்லாத மாதிரி இருந்தன.

"இங்கேயே கொட்டட்டுமா?" என்று கேட்டான். "முப்பதடின்னுதான் சொன்னான்."

"வேற என்ன சொன்னான்?"

"நான் உக்காருற அதே இடத்துலேருந்து."

"அப்புறம் என்ன கேள்வி? ரெண்டும் ஒரே இடமா இருந்தா உன் இஷ்டம். இல்லன்னா அவன் உக்காந்த இடத்துக்கு வா. எப்படியும் அந்தக் கயித்தை நம்பி அங்கேருந்து நீ வர முடியாது. வந்தா ரெண்டாவது பை கழுவணும்."

அதுவும் சரிதான். கயிற்றை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஏறியதைத் தலைகீழாகச் செய்ய ஆரம்பித்தான். துண்டில் நிற்பது, மரக்கயிற்றைக் கீழே தள்ளுவது, தொட்டிலில் தொங்குவது, குனிந்து துண்டை அவிழ்ப்பது, ஒரு கை நீளம் கீழே கட்டுவது. மரத்துப்போன காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தான். அந்த இறக்கம் எவ்வளவு நேரம் பிடித்தது என்றால், கீழே மார்விஸ் ஒரு சாண்ட்விச்சை எடுத்து, தின்று, காகிதத்தை மடித்துப் பையில் வைத்து, கொஞ்சம் தள்ளி விழுந்து கிடந்த கட்டையில் போய் உட்கார்ந்து, ஒரு தூக்கமும் போட்டாள்.

வழவழப்பான வளையம் வந்தது. மரக்கயிறு அதில் தானாகப் போய்ப் படிந்தது, சாவி பூட்டில் விழுகிற மாதிரி. ஹார்லன் தொட்டிலில் உட்கார்ந்தான். முட்டி வைக்கிற இடத்திலும் பட்டை தேய்ந்திருந்தது. இறங்குகயிற்றைக் கட்டிக் கீழே விட்டான். முடிச்சு ஓக் இலைகளின் மேல் மெதுவாகப் போய் உட்கார்ந்தது. ஒரு சாண் மிச்சம் இல்லை, ஒரு சாண் குறைச்சலும் இல்லை.

அங்கிருந்து பார்த்தால் ஒரு மான் தடமும், கொஞ்சம் நாணலும் தெரிந்தன. மான் மான் அளவில்தான் தெரியும். நல்ல இடம்.

ஃப்ரீசர் பையைப் பிரித்துக் கவிழ்த்தான். காற்று சுத்தமாக இல்லை. சாம்பல் பறக்கவில்லை, சுழலவில்லை. நேராகக் கீழே போய் இலைகளின் மேல் கொட்டி, வெள்ளையாக ஒரு குவியலாகக் கிடந்தது. யாரோ அடுப்பைச் சுத்தம் செய்த மாதிரி இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமோ என்று பார்த்தான். பையின் மேல் 'முதுகுக் கறி. நல்லது' என்று இருந்தது. அதை மனதுக்குள் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், மார்விஸ் கேட்பாள்.

அப்போதுதான் நீதிபதி வந்தது.

நீதிபதி என்பது வெண்டல் வைத்த பேர். ஆறு வருஷமாக அவனுக்கு ஆட்டம் காட்டிய கொம்பு மான். அகலமான வெள்ளைக் கழுத்து. தீர்ப்பு சொல்லப்போகிற மாதிரி நிதானமான நடை. அரசாங்கக் காட்டு மான்கள் பொதுவாகவே படித்தவை. இது படித்துப் பட்டம் வாங்கியது. வேட்டை அனுமதிச் சீட்டு இல்லாதவனுக்குத் தைரியமாகப் பக்கவாட்டில் நிற்கும். வெண்டலுக்கு மட்டும் ஒரு நாளும் வில் எட்டுகிற தூரத்துக்கு வந்ததில்லை. கொம்பின் அகலத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அது இரண்டு மரங்களுக்கு நடுவே வர, தலையைச் சாய்த்துக்கொண்டுதான் வந்தது.

நேராக மரத்தடிக்கு வந்தது. ஹார்லனின் பூட்ஸுக்கு நேர் கீழே நின்று, மூக்கை நீட்டி, முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி வெண்டலை நக்க ஆரம்பித்தது. உப்புக்கட்டியை நக்குகிற மாதிரி, அவசரமில்லாமல், ருசித்து.

வில் கராஜில் சுவரில் சாய்ந்திருந்தது. ஹார்லன் அசையவில்லை. மார்விஸ் கட்டையில் கண் விழித்துவிட்டாள், அவளும் அசையவில்லை. மான் தின்கிற சத்தம் கேட்டது. ஒரு தடவை தும்மியது. மறுபடி குனிந்தது. வேண்டியது ஆனதும் தலையைத் தூக்கி, மரத்தை அண்ணாந்து பார்த்தது. ஹார்லன் கண்ணுக்குள் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். உதட்டில் கொஞ்சம் வெண்டலோடு, தலையைச் சாய்த்து, வந்த வழியே போனது.

வெகுநேரம் கழித்து மார்விஸ் மெல்லக் கேட்டாள். "ஹார்லன், இது சட்டப்படி தப்பில்லையா?"

"எது?"

"இரை போடுறது. இந்த மாவட்டத்துல மானுக்கு இரை போடக்கூடாதுல்ல?"

ஹார்லனின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. பழைய பம்ப் தண்ணீர் வருவதற்கு முன்னால் போடுகிற சத்தம். ஒரே ஒரு தடவைதான். தண்ணீர் வரவில்லை.

கயிற்றைப் பிடித்துச் சறுக்கினான். தரை வந்தது அவனுக்குத் தெரியவில்லை. முட்டி மடிந்து இலையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மார்விஸ் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"கால் இருக்கா?"

"தெரியல."

"நட. தெரியும்."

துண்டையும் கயிற்றையும் எடுத்துப் பையில் போட்டார்கள். பை இப்போது ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. மார்விஸ் முன்னால் நடந்தாள். நாணலுக்குள் பாதி வழி வந்த பிறகு திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "லைல் கேப்பானே, என்ன சொல்லப்போற?"

ஹார்லனின் பாதத்துக்குள் எங்கேயோ ஒரு எறும்பு ஊர ஆரம்பித்திருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாக, பெருவிரலிலிருந்து கணுக்காலுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

லைல் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நாலு பேர். ஹார்லன் நொண்டிக்கொண்டு உள்ளே வந்து, பையை மேஜையில் வைத்து, காபி ஊற்றிக்கொண்டான். கடைசியில் லைல்தான் கேட்டான். "எவ்வளவு உயரத்துலேருந்து?"

ஹார்லன் காபியை ஊதினான். "முப்பது," என்றான். "ஒரு முழம் கூடவே இருக்கும். ஊர்த் தண்ணித்தொட்டியில பேரு நல்லாத் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் பூட்ஸ் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்த மார்விஸ், "பெயின்ட் கொஞ்சம் உரிஞ்சிருக்கு," என்றாள்.